நானூற்று முப்பதில் நின்ற பியானோ

ரேகா அக்காவின் பியானோவை உடைத்தது நான்தான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நடுவில் எங்கேயாவது சொன்னால் சாக்குச் சொல்ல வருகிறேன் என்று நினைப்பீர்கள். கீழே போட்டு உடைக்கவில்லை. தண்ணீர் கொட்டவில்லை. உட்கார்ந்து, பொறுமையாக, ஒவ்வொரு கம்பியாகச் சரிசெய்து உடைத்தேன்.

என் பெயர் அன்பரசு. வீடு கடலூர் ஓ.டி., அதாவது ஓல்டு டவுன். வாரம் ஆறு நாள் செல்போன் ரிப்பேர், ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் கீபோர்டு. அது போக ஹார்மோனியம், பியானோ ட்யூன் பண்ணக் கூப்பிட்டால் கிளம்பிவிடுவேன். காடாம்புலியூர், சேத்தியாத்தோப்பு, எங்கே வேண்டுமானாலும் பைக்கிலேயே போவேன். பெரும்பாலும் சர்ச்சுகள்தான். மூலையில் கரையானுக்குத் தப்பிய பழைய பியானோ ஒன்று இருக்கும், பக்கத்திலேயே புதுக் கீபோர்டு ஒன்று இருக்கும், இரண்டும் சேராது. என் வேலை பழையதைக் கீபோர்டுக்குச் சேர்ப்பது. 'ஏ' என்கிற ஸ்வரம் நொடிக்கு நானூற்று நாற்பது அதிர்வு. என் சட்டைப் பையில் இருக்கிற சின்ன ட்யூனர் மிஷினில் முள் நடுவில் வந்து நின்று பச்சை லைட் எரிந்தால் முடிந்தது. டீ குடித்துவிட்டுக் கிளம்பலாம். எங்கள் ஊர்ப் பக்கம் சுருதி என்றால் அது நானூற்று நாற்பதுதான். வேறு ஒன்று இருக்கும் என்று எனக்கு யாரும் சொன்னதில்லை. நானும் யாரையும் கேட்டதில்லை.

ரேகா அக்கா எங்கள் தெரு. அவர் அம்மா ராஜாமணியை நான் அத்தை என்று கூப்பிடுவேன். சொந்தம் எல்லாம் இல்லை, ஒரே சர்ச், எதிர் வீடு. அத்தை பெண்கள் விடுதி ஒன்றில் முப்பது வருஷம் சமையல் வேலை பார்த்தவர். அந்த விடுதி ஹாலில் இருந்த பியானோவில்தான் அக்கா முதன்முதலில் கை வைத்தது. சமையற்கட்டில் சோறு வடிக்கிற வரைக்கும் அக்காவை அங்கே உட்கார வைத்துவிட்டுப் போவாராம். அப்படி ஆரம்பித்தது சென்னை வரை போய், அங்கிருந்து ஸ்காலர்ஷிப்பில் ஹாலந்து போய், ஆறு வருஷம் ஆகிவிட்டது.

அங்கே அக்கா படித்தது இப்போது நாம் பார்க்கிற பியானோ இல்லை. இருநூறு வருஷத்துக்கு முன்னால், சொனாட்டா என்கிற வாத்தியப் பாட்டுகளை எழுதினவர்கள் உயிரோடு இருந்தபோது எந்த மாதிரி பியானோவில் வாசித்தார்களோ, அதே மாதிரி இன்றைக்குச் செய்கிறார்கள். உள்ளே இரும்புச் சட்டம் கிடையாது, முழுக்க மரம். கம்பி மெல்லிசு. சுத்தியல் எல்லாம் சுண்டுவிரல் நுனி அளவு, மேலே தோல் ஒட்டியிருக்கும். சத்தம் ரொம்பச் சின்னது, ஆனால் யாரோ பக்கத்தில் உட்கார்ந்து பேசுகிற மாதிரி இருக்கும். வெள்ளைக் கட்டை இருக்க வேண்டிய இடத்தில் கறுப்பு, கறுப்பு இருக்க வேண்டிய இடத்தில் வெள்ளை. நான் முதல் தடவை பார்த்தபோது அரை மணி நேரம் அதைச் சுற்றிச் சுற்றி வந்தேன். அக்கா என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டு, பொண்ணு பார்க்க வந்தவன் மாதிரி இருக்கிறாய் என்றார்.

அத்தை, மகள் வாசித்து ஒரு கச்சேரிகூடக் கேட்டதில்லை. எல்லாக் கச்சேரியும் அங்கேதான். ஒரு தடவை அக்காவின் தோழி யாரோ செல்போனை மேடைக்கு நேராகப் பிடித்துக்கொண்டிருந்தாராம். இங்கே அத்தை காதில் மழை பெய்கிற மாதிரி சத்தம்தான் கேட்டது. முழு மழையையும் கேட்டுவிட்டுத்தான் போனை வைத்தார்.

2011 கடைசியில் அத்தைக்கு இருதயம் வீங்கிவிட்டது. கால் வீக்கம், படுத்தால் மூச்சு முட்டல். பாண்டிச்சேரியில் பார்த்த டாக்டர் ஹாலந்தில் இருந்த அக்காவிடம் போனில், இன்னும் இரண்டு மாதம், அதிகம் போனால் மூன்று என்று சொன்னார். அக்கா லீவு போட்டு வந்தார். பியானோவைப் பெட்டியில் அடைத்துக் கப்பலில் வரவழைத்தார். பைத்தியமா உனக்கு என்று சித்தார்த் கேட்டானாம். சித்தார்த் வயலின்காரன், சிதம்பரத்துப் பையன், அக்காவோடு ஹாலந்தில் படித்தவன், அவனும் லீவில் வந்திருந்தான். அவனுடைய வயலினும் அந்தக் காலத்து ஜாதிதான், ஆட்டுக்குடல் நரம்புதான் தந்தி. அம்மா ஒரே ஒரு தடவை ஒழுங்காக உட்கார்ந்து கேட்கவேண்டும், அதற்காகத்தான் என்று அக்கா சொன்னார்.

ஜனவரியில் கடலூரிலேயே ஒரு ஹாலில் கச்சேரி வைப்பதாக ஏற்பாடு. டிசம்பர் முப்பதாம் தேதி தானே புயல் வந்து அந்த ஹாலின் கூரையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டது. ஊரே கரண்ட் இல்லாமல் கிடந்தபோது கச்சேரி பற்றி யாரிடம் பேசுவது. சித்தார்த்தான் சிதம்பரத்தில் ஒரு பள்ளிக்கூடத்தின் ஹாலைப் பிடித்தான். எண்பது பேர் உட்காரலாம், ஏ.சி. உண்டு. பிப்ரவரி மூன்றாவது சனிக்கிழமை, சாயங்காலம் ஆறு மணி. மூன்று சொனாட்டா.

அத்தையிடம் நான்தான் போய்ச் சொன்னேன். சொனாட்டான்னா கைக்கடியாரம் தானடா என்று கேட்டார். இல்லை அத்தை, பாட்டு, வார்த்தை கிடையாது, அக்காவும் சித்தார்த்தும் வாசிப்பார்கள் என்றேன். வார்த்தை இல்லாமல் எவ்வளவு நேரம் என்றார். ஒன்றேகால் மணி என்றதும் கொஞ்சம் யோசித்துவிட்டு, அதுவரைக்கும் இருமாமல் இருக்கவேண்டும் என்றார். அதற்குப் பிறகு தினமும் மத்தியானம் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து கடிகாரத்தைப் பார்ப்பார். என்னத்தை பண்றீங்க என்று கேட்டால், ப்ராக்டீஸ் என்பார்.

வெள்ளிக்கிழமை டாட்டா ஏஸில் மெத்தை விரித்துப் பியானோவை ஏற்றிச் சிதம்பரம் கொண்டுபோனோம். அக்காவும் அத்தையும் காரில் வந்து கீழவீதிப் பக்கம் ஒரு லாட்ஜில் தங்கினார்கள். நான் ஹாலில் பியானோவோடு தங்கினேன். நானாகத்தான் கேட்டு வாங்கிக்கொண்ட வேலை அது. அக்கா போகும்போது ஒரு டஜன் விஷயம் சொன்னார். ஏ.சி. இருபத்தைந்திலேயே இருக்கட்டும், ஜன்னல் திரையைத் திறக்காதே, மேலே எதையும் வைக்காதே, டீ கிளாஸோடு பக்கத்தில் வராதே. எல்லாவற்றையும் கேட்டேன். சுருதி பற்றி அவர் சொல்லவில்லை. அவருக்கு அது மீனுக்குத் தண்ணீர் மாதிரி, தனியாகச் சொல்லத் தோன்றியிருக்காது.

அந்த வருஷம் கரண்ட் எப்படி இருந்தது என்று உங்களுக்கு ஞாபகம் இருக்கும். ஒரு மணி நேரம் வரும், ஒரு மணி நேரம் போகும். ராத்திரி முழுக்க ஏ.சி. அணைந்து அணைந்து எரிந்தது. காலையில் எழுந்து ஒரு கட்டையைத் தட்டிப் பார்த்தேன். கம்பிகள் ஒன்றோடு ஒன்று சேரவில்லை, கலங்கலாக இருந்தது. ட்யூனரை எடுத்து வைத்தேன். முள் இடது பக்கம் படுத்துக்கிடந்தது. நானூற்று முப்பத்தொன்று, நானூற்று இருபத்தொன்பது. ஐயோ, ஒரே ராத்திரியில் இவ்வளவு இறங்கிவிட்டதே என்று நினைத்தேன். அக்காவுக்குப் போன் போட்டேன், எடுக்கவில்லை. சித்தார்த்துக்குப் போட்டேன், அவனும் எடுக்கவில்லை. சரி, அவர்கள் வருவதற்குள் முடித்து வைத்துவிடலாம், வந்து பார்த்துச் சந்தோஷப்படட்டும் என்று, கம்பி சுற்றியிருக்கிற ஆணிகளைத் திருகுகிற ட்யூனிங் கீயை எடுத்தேன்.

உண்மையில் அது இறங்கவே இல்லை. அந்தக் காலத்துச் சொனாட்டாக்களுக்கு வைக்கிற சுருதியே நானூற்று முப்பதுதான். அந்த மரமும் கம்பியும் அதற்காகவே செய்தது. இங்கொன்றும் அங்கொன்றுமாக நகர்ந்திருந்ததை மட்டும் தொட்டிருந்தால் கால் மணி நேர வேலை.

பத்து மணி வாக்கில் சித்தார்த் ஆட்டோவில் அத்தையைக் கூட்டிக்கொண்டு வந்தான். ராத்திரி முழுக்க அத்தைக்கு மூச்சு வாங்கியிருக்கிறது. அக்கா ஆக்சிஜன் சிலிண்டர் வாங்க அலைந்துகொண்டிருந்தார், அதனால்தான் போன் எடுக்கவில்லை. அத்தை லாட்ஜில் இருக்கமாட்டேன், அந்தப் பெட்டியைப் பார்க்கவேண்டும் என்று பிடிவாதம் பிடித்திருக்கிறார். சித்தார்த் அவரை முன் வரிசையில் உட்கார வைத்துவிட்டு, பத்திரமா பாத்துக்க மச்சான் என்று சொல்லி அதே ஆட்டோவில் அக்காவுக்கு உதவியாகப் போய்விட்டான். இரண்டு நிமிஷம் நின்றிருந்தால் அவன் காதுக்குத் தெரிந்திருக்கும். நிற்கவில்லை.

நான் கீழிருந்து மேலே போய்க்கொண்டிருந்தேன். ஒரு கட்டைக்கு இரண்டு கம்பி, மேலே போனால் மூன்று. தட்டுவது, முறுக்குவது, தட்டுவது. அத்தை வாய் திறந்து பார்த்துக்கொண்டிருந்தார். உள்ளே அந்தச் சுத்தியல் எல்லாம் எழுந்து எழுந்து விழுவது அவர் உட்கார்ந்திருந்த இடத்திலிருந்து தெரிந்தது. கோழி தீனி பொறுக்குவது மாதிரி இருக்கிறது என்றார். சுருதி ஏற ஏறச் சத்தம் பளபளவென்று வந்தது. எனக்கே பெருமையாக இருந்தது. சாயங்காலம் பாருங்க அத்தை, ஜம்முன்னு இருக்கும் என்றேன்.

நடுப்பகுதி தாண்டும்போது முதல் கம்பி அறுந்தது. டங்கென்று ஒரு சத்தம், என் கன்னத்தில் ஊசி குத்தின மாதிரி. அத்தை என்ன ஆச்சு என்றார். ஒண்ணும் இல்ல அத்தை, பழைய கம்பி என்றேன். பழைய கம்பியே இல்லை, பியானோ செய்தே நான்கு வருஷம்தான் ஆகியிருந்தது. அப்போது நிறுத்தியிருக்கவேண்டும். இதை எத்தனை தடவை நினைத்திருப்பேன் என்று கணக்கே கிடையாது. நிறுத்தவில்லை. இன்னும் கொஞ்சம் கட்டைகள்தான் பாக்கி, முடித்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று முறுக்கிக்கொண்டே இருந்தேன். இன்னும் இரண்டு கம்பி போயிற்று. பிறகு உள்ளேயிருந்து, முந்திரிக்கொட்டை உடைக்கிற மாதிரி ஒரே ஒரு சத்தம். அவ்வளவுதான். மேலே பார்த்தால் ஒன்றும் தெரியவில்லை. டார்ச் அடித்துப் பார்த்தேன். கம்பி சுற்றுகிற ஆணிகளைப் பிடித்து நிறுத்துகிற முன்பலகை, ஒட்டு விட்டு, நீளமாக ஒரு கோடு. பத்து ரூபாய் நோட்டு உள்ளே போகிற அளவுக்கு.

பன்னிரண்டு மணிக்கு அக்கா சிலிண்டரோடு வந்தார். ஹால் காவலாளி கண்ணாயிரம் அண்ணனும் சித்தார்த்தும் ஆளுக்கு ஒரு பக்கம் பிடித்துத் தூக்கி வந்தார்கள். அத்தைக்கு மூக்கில் குழாய் மாட்டி, தலையைக் கோதிவிட்டு, அக்கா நேராகப் பியானோவிடம் வந்தார். நின்றபடியே ஒரு தட்டு தட்டினார். நான்கு கட்டை, ஒரே நேரத்தில். அவர் முகத்தை நான் பார்த்திருக்கக்கூடாது.

"எதுலடா வெச்ச?"

"நானூத்தி நாப்பதுக்கா."

அக்கா ஸ்டூலில் உட்கார்ந்தார். குனிந்து உள்ளே பார்த்தார். விரலை அந்தக் கோட்டின் மேல் ஒரு முனையிலிருந்து இன்னொரு முனை வரை ஓட்டினார். சித்தார்த் ஏதோ சொல்ல வாயெடுத்தான், அக்கா கையைக் காட்டி நிறுத்தினார். பிறகு என்னிடம் ட்யூனிங் கீயைக் கேட்டு வாங்கிக்கொண்டார். என் கையில் படாமல் வாங்கினார்.

கிட்டத்தட்ட நான்கு மணி நேரம் போராடினார். எல்லாவற்றையும் மறுபடி இறக்கிப் பார்த்தார். ஆணிகள் சுற்றினால் சுற்றிய இடத்தில் நிற்கவில்லை. ஒரு கட்டையைச் சேர்த்து வைத்துவிட்டு அடுத்ததற்குப் போவதற்குள் முதலாவது வழுக்கிவிடும். நான் டார்ச் பிடித்துக்கொண்டு நின்றேன். கரண்ட் போயிற்று, வந்தது, போயிற்று. அவர் சட்டை முதுகோடு ஒட்டிவிட்டது. நான்கு மணிக்கு மூடியை இறக்கி மூடிவிட்டு, கீயைப் பியானோ மேலேயே வைத்தார். மேலே எதையும் வைக்காதே என்று சொன்னவர்.

கீபோர்டு கொண்டுவரட்டுமா, பக்கத்துச் சர்ச்சில் கேட்டால் தருவார்கள் என்று நான் கேட்டேன். கேட்டிருக்கக்கூடாது. சித்தார்த் என்னைப் பார்த்த பார்வையில் பின்னால் நகர்ந்துவிட்டேன். ஆட்களை வரவேண்டாம் என்று சொல்லிவிடலாம் என்றான் அவன். அக்கா அத்தையைப் பார்த்தார். அத்தை, குழாயை மூக்கில் வைத்துக்கொண்டு, ப்ராக்டீஸ் பண்ணின மாதிரியே நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். நல்ல பட்டுப்புடவை. சாயங்காலத்துக்கென்று காலையிலேயே கட்டிக்கொண்டது. யாரும் அவரிடம் எதுவும் சொல்லியிருக்கவில்லை.

"நீ வாசி," என்றார் அக்கா சித்தார்த்திடம். "உன் பாகத்த மட்டும் வாசி."

அது எவ்வளவு கொடுமை என்று எனக்கு அப்போது தெரியாது, பிறகுதான் அவன் சொன்னான். அந்தக் காலத்துச் சொனாட்டாவில் முக்கால்வாசிப் பாட்டு பியானோவிடம்தான் இருக்கும். வயலின் கூடவே போகும், நீட்டிப் பிடிக்கும், நடுநடுவே பதில் சொல்லும். வயலினை எடுத்துவிட்டால்கூடப் பாட்டு நிற்கும். பியானோவை எடுத்துவிட்டால் நிற்காது.

ஆறு மணிக்கு ஐம்பது அறுபது பேர் வந்தார்கள். காலேஜ் பிள்ளைகள், இரண்டு மூன்று டாக்டர் குடும்பம், எங்கள் சர்ச்சிலிருந்து வேன் பிடித்து வந்த பதினைந்து பேர். பியானோ பழுதாகிவிட்டது, மன்னிக்கவேண்டும், ஒரே ஒரு சொனாட்டா, அதில் வயலின் பகுதி மட்டும் என்று அக்காவே எழுந்து சொன்னார். எப்படிப் பழுதானது என்று சொல்லவில்லை. சொல்லியிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும்.

சித்தார்த் வாசித்தான். மூடிய பியானோவுக்குப் பக்கத்தில், பியானோ இருக்கிற மாதிரியே அரைவாசி அதன் பக்கம் திரும்பி நின்று. ஒரு ஸ்வரத்தை நீட்டுவான். நிறுத்துவான். எண்ணுவான். நான்கு, எட்டு, பன்னிரண்டு தாளத்துக்கு அவனுக்கு ஒன்றுமே கிடையாது, வில்லை இறக்கிக் காத்திருப்பான். மறுபடி இரண்டு ஸ்வரம். ஜனங்கள் முதலில் இருமினார்கள், பிறகு அதுவும் நின்றுவிட்டது. அக்கா அத்தைக்குப் பக்கத்து நாற்காலியில் இருந்தார். அத்தையின் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, மணிக்கட்டிலிருந்து முழங்கை வரைக்கும் தன் விரல்களால் வாசித்துக்கொண்டிருந்தார். சித்தார்த் காத்திருக்கிற இடத்தில் எல்லாம் அந்த விரல்கள் ஓடின. வீங்கின கை அது, அழுத்தினால் குழி விழும். அக்கா அழுத்தவில்லை. அத்தை மேடையைப் பார்க்காமல் தன் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு இருமல் இல்லை.

முடிந்ததும் கைதட்டினார்கள். அத்தையும் தட்டினார். கூட்டம் கலைந்த பிறகு அக்கா குனிந்து, கேட்டுச்சாம்மா என்றார். நான் கதவுப் பக்கம் நாற்காலி மடக்கிக்கொண்டிருந்தேன்.

"தம்பி நல்லா வாசிச்சாரு," என்றார் அத்தை. மூச்சு வாங்கிவிட்டு, "உன்னுது எப்ப வந்துச்சி?"

அக்கா அத்தையின் மூக்குக் குழாயைச் சரிசெய்தார்.

"காலைல அன்பு ஒண்ணொண்ணா தட்டுனான் பாரு. அது கணீர்னு இருந்துச்சி. அந்த மாதிரிதான் நீயும் வாசிப்பியா?"

"ஆமாம்மா," என்றார் அக்கா. "அந்த மாதிரிதான்."

பதினோராம் நாள் அத்தை இறந்துபோனார். வீட்டில்தான், மத்தியானம், நாற்காலியில்.

அடக்கத்துக்கு நான் கீபோர்டு வாசிக்கவில்லை, என்னால் முடியாது என்று ஆயரிடம் சொல்லிவிட்டுக் கூட்டத்தின் கடைசியில் நின்றேன். அதற்குள் விஷயம் தெரு முழுக்கத் தெரிந்திருந்தது. யாரும் என்னைத் திட்டவில்லை. தெரியாமல் செய்ததுதானே, நல்லதுக்குத்தானே செய்தான் என்றுதான் பேசிக்கொண்டார்கள், என் காதில் விழுகிற மாதிரியே. எங்கள் அம்மா மட்டும், நீயாகப் போய் அந்தப் பிள்ளையிடம் இரண்டு வார்த்தை பேசு என்று மூன்று நாளாகச் சொல்லிக்கொண்டிருந்தார்.

மூன்றாம் நாள் ஜெபத்துக்குப் போனேன். பந்தல் போட்டிருந்தார்கள். ஜெபம் முடிந்து சாப்பாட்டுக்கு இலை போட ஆரம்பித்தபோது அக்கா பின்பக்கம் தண்ணீர்க் குடத்தருகே தனியாக நின்றிருந்தார். பக்கத்தில் போனேன். என்ன பேசுவது என்று வழியெல்லாம் யோசித்துக்கொண்டு வந்திருந்தேன். பியானோவைத் திருப்பி அனுப்புகிறீர்களா என்று கேட்டேன். அங்கே செய்தவரிடமே அனுப்பவேண்டும், புதுப் பலகை போட ஒரு வருஷம் ஆகும் என்றார். பெட்டி கட்டும்போது வந்து உதவட்டுமா என்றேன். வேண்டாம் என்றார்.

"எல்லாரும் உன்மேல தப்பு இல்லன்றாங்க," என்றார். "எனக்கும் தெரியுது. நான்தான் சொல்லாம உட்டேன். உன்ன கூப்ட்டு, கோவம் இல்லடான்னு சொல்லிரலாம்னு மூணு நாளா பாக்குறேன். வாயில வர மாட்டேங்குது அன்பு."

நான் தலையை ஆட்டினேன்.

"சாப்ட்டுட்டுப் போ," என்றார்.

பந்தியில் போய் உட்கார்ந்தேன். சாம்பார் வாளியை எடுத்துக்கொண்டு வந்தது அக்காதான். வரிசையாக ஊற்றிக்கொண்டே வந்தார். எனக்கு முன்னால் இருந்தவரிடம் போதுமா என்று கேட்டார். எனக்குப் பிறகு இருந்தவரிடமும் கேட்டார். என் இலையில் ஊற்றும்போது கேட்கவில்லை. சோற்றைத் தாண்டி, பொரியலைத் தாண்டி, இலை விளிம்பு வரை ஓடியது. நான் இரண்டு கையாலும் அணை கட்டி, எல்லாவற்றையும் சாப்பிட்டேன்.